வழிகாட்டி சொன்ன பொய்கள்

முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்த மனிதரைச் சுற்றுலாவுக்கு அனுப்பினால் அவர் கோட்டையைப் பார்க்க மாட்டார், கோட்டையைக் காட்டுகிறவரைத்தான் பார்ப்பார். செக்கர் விஷயத்தில் அதுதான் நடந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவர் செக்கர். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை, குணமும் போகவில்லை. மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதி பார்ப்பார். மகள் போனில் "நல்லா இருக்கேன்பா" என்றால், "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்பார். அவர் மனைவி கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். ஊரார் சாட்சிக் கூண்டில் ஏறி நின்று சொன்னதையெல்லாம் ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் இருபத்தொன்பது வருடம் தட்டியவர். அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். எப்போதாவது எதையாவது சொல்ல ஆரம்பித்தால் செக்கர் குறுக்கே புகுந்து, "எந்தக் கிழமை? யார் சொன்னது? நீ நேர்ல பார்த்தியா?" என்று கேட்பார். மூன்றாவது கேள்விக்கு மேல் எந்தப் பேச்சும் தாங்காது. அந்த அம்மாள் பேச்சை அப்படியே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

மகள்தான் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். ஏழு நாள், ஒரு பஸ், பதினான்கு பேர். கோட்டைகள், பழைய ஊர்கள், ஏரி, கடல். "ரெண்டு பேரும் ஒரு தடவையாவது எங்கயாவது போய்ட்டு வாங்கப்பா" என்று கையோடு பெட்டியையும் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் காலை ஓட்டல் வாசலில் வழிகாட்டி வந்து நின்றபோதே செக்கருக்கு மூக்கில் வேர்த்தது. கம்பெனி அனுப்பிய சிறு புத்தகத்தில் வழிகாட்டி என்று ஒரு பெண்மணியின் படம் இருந்தது. பன்னிரண்டு வருட அனுபவம் என்றும் போட்டிருந்தது. வந்து நின்றவரோ ஐம்பது வயதுள்ள ஆண். மற்ற வழிகாட்டிகள் கூட்டத்துக்கு அடையாளமாகக் கொடியைப் பிடிப்பார்கள், இல்லை குடையைப் பிடிப்பார்கள். இவர் கையில் ரோஸ் நிறத்தில் ஒரு பாட்மிண்டன் மட்டை இருந்தது.

"படத்துல இருக்கிற அம்மா எங்க?" என்றார் செக்கர்.

"அவங்களுக்கு முடியல சார். இந்த வாரம் நான்தான்."

"எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கறீங்க?"

"இருக்கும் சார், கொஞ்ச நாளா," என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் மட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

டிக்கெட் இல்லாதவன் செய்கிற முதல் காரியம் அதுதான். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவான். செக்கர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துத் தேதியைப் போட்டார்.

அன்றைக்குப் பார்த்தது ஒரு குன்றின் மேல் இருந்த கோட்டை. மூச்சு வாங்க ஏறிப்போய் நின்றதும் வழிகாட்டி மட்டையை உயர்த்தி, "இதுதான் கோட்டை. பெரிய கோட்டை. பூரா கல்லால கட்டினது" என்றார். அப்புறம் பேச்சு வரவில்லை. கூட வந்த பல் டாக்டர், "யார் கட்டினது?" என்று கேட்டார். "ராஜா" என்றார் வழிகாட்டி. "எந்த ராஜா?" என்றதற்கு, "அப்ப இருந்த ராஜா" என்றார். குடும்பத்தோடு வந்திருந்த இரண்டு சகலைகள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். செக்கர் சிரிக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "ஆள் புதுசு. இல்ல, ஆளே வேற" என்றார். அந்த அம்மாள் வழிகாட்டியின் நெற்றியில் வழிந்த வேர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் செக்கர் கண் விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. ஏழு மணிக்கு மனைவி வந்தார்.

"எங்க போனே?"

"சும்மா காலாற நடந்துட்டு வந்தேன்."

செக்கர் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். புல்வெளி முழுக்கப் பனி. மனைவியின் செருப்பைப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை.

அன்று போன கோட்டையில்தான் அதிசயம் நடந்தது. முதல் நாள் வாயைத் திறக்கத் தெரியாமல் நின்ற மனிதர், சமையல் கூடத்துச் சுவரில் இருந்த ஒரு சின்ன ஜன்னலைக் காட்டி ஆரம்பித்தார். இந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சமையல்காரி இருந்தாளாம். புருஷன் படையோடு போனவன். அவன் திரும்பி வருகிற சாலையை இந்த ஜன்னல் வழியாகவே பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்டு குழம்பு கிளறினாளாம். அவனோ வேறு வழியாகப் பின்வாசலில் நுழைந்து, குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு, இரண்டு வருஷம் அவள் கையால் சமைத்ததையே சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். இங்கே வழிகாட்டி நிறுத்தினார். ஒரு நிமிஷம் யாரும் மூச்சு விடவில்லை. "உப்பு கம்மியா இருக்குன்னு ஒரு நாள் சொல்லி அனுப்பினான். பதிலுக்கு வந்த வசவு அவனுக்குத் தெரிஞ்ச வசவு" என்று முடித்தார்.

பல் டாக்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். செக்கருக்கும் தொண்டையில் ஏதோ சிக்கினாற்போல் இருந்தது. அப்படிச் சிக்கியதே அவருக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் நகர்ந்த பிறகு சுவரோரம் இருந்த பலகையைத் தேடிப் படித்தார். அந்தச் சமையல் கூடம், கோட்டையில் படையே இல்லாமல் போன பிறகு எழுபது வருஷம் கழித்துக் கட்டியது என்று எழுதியிருந்தது. நோட்டில் முதல் பொய் ஏறியது.

பொய்யைவிட அவரைக் குடைந்தது வேறொன்று. ஒரே இரவில் இந்த ஆளுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது?

மூன்றாம் நாள் காலை செக்கர் வேண்டுமென்றே கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஐந்தரைக்கு மனைவி சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் ஜன்னலுக்கு வந்து நின்றார். ஓட்டலின் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அதில் மனைவியும் வழிகாட்டியும். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். வழிகாட்டி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி பேசிக்கொண்டே இருந்தார். நிறுத்தாமல், கையை ஆட்டி ஆட்டி, ஒரு இடத்தில் தானே சிரித்துக்கூடப் பேசினார். எழுந்திருக்கும்போது மடித்த காகிதம் ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

செக்கர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். அறுபத்திரண்டு வயதில் இதென்ன நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் திட்டினால் போகிற நினைப்பா அது? காகிதத்தில் என்ன இருக்கும்? வீட்டு விலாசமா? மகளுடைய நம்பரா? ஏதாவது சொல்லி ஏமாற்றிக் கையெழுத்து வாங்குகிறானா? எல்லாவற்றையும்விட அந்தக் கை ஆட்டம்தான் உறுத்தியது. தன்னிடம் பேசும்போது அந்தக் கை மடியை விட்டு நகர்ந்ததாக அவருக்கு நினைவில்லை.

சாப்பாட்டு மேஜையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே தூண்டில் போட்டுப் பார்த்தார். "காலையில யார்கிட்டயாவது பேசினியா?"

"இந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும், பேசறதுக்கு?"

வழிகாட்டி சொன்ன பொய்களில் இது சேராது. இருந்தாலும் செக்கர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்று பழைய ஊர் ஒன்றைச் சுற்றினார்கள். கல் பாவிய தெருக்கள், ஆற்றின் மேல் வளைவு வளைவாக ஒரு பாலம். பாலத்தின் முனையில் நின்று வழிகாட்டி ஒரு சுங்கக்காரனைப் பற்றிச் சொன்னார். பாலத்தைக் கடக்கிற வண்டி ஒன்றைக்கூட நம்பாமல், மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டுப் பார்க்கிறவனாம். சொந்தப் பெண் சொன்னாலும் சாட்சி கேட்பானாம். அந்தப் பெண் ஒரு நாள் வைக்கோல் வண்டிக்குள் படுத்து, அப்பன் கண் முன்னாலேயே பாலத்தைக் கடந்து போய்விட்டாளாம்.

"பின்னே? வைக்கோல் வண்டியை மட்டும் சரியா பார்க்காம விட்டிருக்கான். அதான் தப்பு" என்றார் செக்கர் உரக்க. எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் அவரையே பார்த்தார். ஏதோ எதிர்பார்த்து ஏமாந்த முகம்.

பாலம் கட்டி நானூறு வருஷம் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். கைப்பிடிச் சுவரின் கல்லில் வெட்டியிருந்த கணக்குப்படி நூற்றிருபதுதான். பக்கத்துப் புத்தகக் கடைக்காரியிடம் செக்கர் விசாரித்தார். இந்தப் பாலத்தில் சுங்கச் சாவடியே இருந்ததில்லை என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். இப்படியாக நான்காம் நாள் மாலைக்குள் நோட்டில் பதினேழு பொய்கள் சேர்ந்துவிட்டன. ஊருக்குப் போனதும் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுவது என்று முடிவு செய்தார். வேலை போகட்டும். டிக்கெட் இல்லாதவனை நடுவழியில் இறக்கிவிடுவதுதானே முறை?

அந்த நான்காம் நாள் ஏரி நடுவே இருந்த அரண்மனைக்குப் படகில் போனார்கள். ஏறும்போது வழிகாட்டி கையை நீட்டி, "பார்த்து வாங்கக்கா" என்றார். அக்காவா? நான்கு நாளில் அக்காவா? படகின் முன்பக்கம் மட்டையை ஆட்டிக்கொண்டு அவர் அரண்மனைக் கதையைச் சொல்லத் தொடங்கியபோது, செக்கர் மனைவியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த அம்மாளின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவர் சொல்லச் சொல்ல, சத்தமில்லாமல், ஒரு சொல் பிசகாமல் இந்த உதடுகளும் சொல்லின. அந்த அளவுக்கு மயங்கிக் கிடக்கிறாளா இவள்? செக்கர் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அன்று முழுவதும் இருவருக்கும் பேச்சில்லை. அந்த அம்மாள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஐந்தாம் நாள் கடல்கோட்டை. கரையிலிருந்து கால் மைல் தள்ளி ஒரு பாறைத் திட்டின் மேல் நின்றது. கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் கல் பாதை ஒன்று அதற்குப் போனது. பாசி படிந்த பலகைக் கற்கள், இரண்டு பக்கமும் சேறு. பாதை தொடங்கும் இடத்தில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தினார்.

"இப்ப மணி பத்தரை. பன்னிரண்டுக்கு எல்லாரும் கோட்டையை விட்டு வெளிய வந்துடணும். பன்னிரண்டரைக்குப் பாதையில தண்ணி ஏறிடும். அப்புறம் சாயங்காலம் ஆறரை வரைக்கும் வழி கிடையாது. தயவுசெஞ்சு யாரும் லேட் பண்ணாதீங்க."

நேரம் போட்ட பலகை ஒன்று அங்கே இருந்தது. அதில் ஒட்டியிருந்த காகிதம் மழையில் நனைந்து எழுத்தெல்லாம் ஒழுகிப்போயிருந்தது. செக்கர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். மத்தியானம் சிப்பிச் சாமான் விற்கிற கடைக்குக் கூட்டிப்போவதாக டிரைவர் காலையிலேயே சொல்லியிருந்தான். அப்படியானால் கோட்டையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும், அதற்கு ஒரு கடலைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான். நூற்றிருபதை நானூறு என்றவன், அரை மணிக் கணக்கு சொல்கிறானாம்!

கோட்டை பெரிது. பீரங்கி மேடைகள், மழைநீர்த் தொட்டி, கூரையில்லாத பாசறைகள். தொட்டியின் பக்கத்தில் நின்று வழிகாட்டி அவசர அவசரமாக ஒரு கதையைச் சொல்லி முடித்தார். கோட்டை கட்டிய வருடத்தைச் சொல்லும் கல்வெட்டு கடைசி மூலையில் இருப்பதாகக் கம்பெனிப் புத்தகத்தில் இருந்ததால், செக்கர் அதைத் தேடிப் போனார். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் ரோஸ் மட்டை ஆடியது. எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தார்கள்.

"சார், வாங்க, நேரமாச்சு" என்று வழிகாட்டி ஓடி வந்தார்.

"நீங்க போங்க. நான் இன்னும் பார்க்க வேண்டியது இருக்கு."

"தண்ணி ஏறிடும் சார்."

"ஏறட்டும், பார்ப்போம். நீங்க சொன்னதுல எது நிஜம்னு எனக்குத் தெரியும். நோட்டுல இருக்கு."

அந்த மனிதர் மட்டையை மறுபடி கை மாற்றினார். நுழைவுச்சீட்டுக் கூண்டில் இருந்த காவல்காரர் கூண்டுக் கதவைப் பூட்டிவிட்டு, "மணி ஆச்சு, மணி ஆச்சு" என்று கத்திக்கொண்டே கரையை நோக்கி நடந்தார். இரண்டு பேரும் கூட்டு என்று செக்கர் முடிவு கட்டினார்.

மனைவி அவர் கையைப் பிடித்தார். "வாங்க. தண்ணி விஷயத்துல விளையாடாதீங்க."

"அவன் சொல்றது உனக்கு வேதவாக்கு, இல்ல? நீ போ. அவனோடயே போ."

அந்த அம்மாள் பிடித்த கையை விட்டார். பிறகு பீரங்கி மேடைக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். "நான் எங்கயும் போகல. நீங்க வர்றப்ப வர்றேன்."

வழிகாட்டி இந்த இருவரையும் பார்த்தார், வாசலில் நின்ற பன்னிரண்டு பேரையும் பார்த்தார். பிறகு பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

செக்கர் கல்வெட்டைக் கண்டுபிடித்தார். எழுத்தெல்லாம் உப்புக் காற்றில் கரைந்து மொழுக்கென்று இருந்தது. அவர் மதிலோரம் வந்து எட்டிப் பார்த்தபோது பன்னிரண்டரை அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. பாதை அப்படியேதான் இருந்தது. "பார்த்தியா?" என்று மனைவியிடம் திரும்பிச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது. கடல் முன்னாலிருந்து அலையடித்து வரவில்லை. இரண்டு பக்கமும் சேற்றுக்குள்ளிருந்து கசிந்து, கற்களுக்கு நடுவே சத்தம் போடாமல் நிரம்பிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த பத்துப் பதினைந்து கற்களை ஏற்கெனவே காணோம்.

அந்த இடத்தில் ஒருவர் முழங்கால் தண்ணீரில் கோட்டையை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் தோள்பை.

"வராதீங்க, திரும்பிப் போங்க!" என்று டைப்பிஸ்ட் அம்மாள் எழுந்து கத்தினார். காற்றில் அது அவருக்குக் கேட்டிருக்காது. தண்ணீர் தொடைக்கு ஏறியது. ஒரு கல்லில் கால் வழுக்கி அந்த மனிதர் இடுப்பளவு உள்ளே போனார். செக்கர் அதுவரை யாரையும் கைதூக்கி விட்டதில்லை, பிடித்து நிறுத்தித்தான் பழக்கம். இப்போது படியில் குதித்து இறங்கி, நீட்டிய மட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் வாசல் படியில் வந்து விழுந்தார்கள். திரும்பிப் பார்த்தால் பாதை போன இடம் தெரியவில்லை. கடல், அவ்வளவுதான்.

"ஏன் திரும்பி வந்தீங்க?" என்றார் செக்கர்.

"நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கீங்களே சார். நடுவுல இறங்கிடுவீங்களோன்னு பயமாயிருந்துச்சு." அவர் மூச்சு வாங்கினார். "சுத்தியும் பாறை. படகும் வராது. ஆறரை வரைக்கும் இங்கதான். மேல இருந்தா ஒரு ஆபத்தும் இல்ல. டிரைவருக்குப் போன் பண்ணிட்டுத்தான் வந்தேன், மத்தவங்களைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போகச் சொல்லி."

பிறகு அவர் தோள்பையைத் திறந்து, நனைந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெயில் பட்ட மதில்மேல் பரப்பிக் கல்லை வைத்தார். டைப்பிஸ்ட் அம்மாள் சட்டென்று எழுந்து அவற்றின் முன்னால் போய் நின்றார். அந்த அவசரம்தான் செக்கரை அங்கே இழுத்தது.

முதல் காகிதத்தைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்துவிட்டது. ஓர் எழுத்தோடு ஓர் எழுத்து ஒட்டாமல், மெஷினில் தட்டினாற்போல் நேர் வரிகள். வாக்கியம் முடிந்ததும் இரண்டு எழுத்து அகலத்துக்கு இடைவெளி. நாற்பது வருஷமாக வீட்டுச் சாமான் பட்டியலில் பார்க்கிற கையெழுத்து. சமையல்காரியின் கதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதில் இருந்தது. "இரண்டு வருஷம் அவள் கையால் சமைத்ததையே சாப்பிட்டான்" என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு, "இங்கே நிறுத்தவும். யாராவது இருமும் வரை பேச வேண்டாம்" என்று எழுதியிருந்தது.

தொண்டையில் ஏதோ சிக்கிய இடம் அது.

"இதெல்லாம் நீயா?"

"நான்தான்."

"அக்காவைத் திட்டாதீங்க சார்," என்று வழிகாட்டி குறுக்கே வந்தார். "எல்லாம் என்னாலதான். புத்தகத்துல படம் இருக்கே, அது என் வீட்டுக்காரி. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மாடிப்படியில விழுந்து கால் உடைஞ்சிடுச்சு. ஆள் வரலேன்னா இந்த வருஷம் பூரா கூப்பிட மாட்டாங்க. அதான் நான் வந்தேன். நான் மட்டைக்கு நரம்பு கட்டற ஆள் சார். கடையில அதுதான் வேலை. எனக்கு ராஜாவும் தெரியாது, ராணியும் தெரியாது. முதல் நாள் சாயங்காலம் படிக்கட்டுல உட்கார்ந்து அவளோட புத்தகத்தை மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன், ஒண்ணும் ஏறல. அழுகையே வந்துடுச்சு. அக்கா பார்த்துட்டாங்க."

"இப்படி ஒருத்தர் அழறப்ப நான் என்ன பண்ணுவேன்?" என்றார் டைப்பிஸ்ட் அம்மாள். "புத்தகத்துல இருந்ததைச் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். படிச்சுப் பார்த்தா வறட்டு வறட்டுன்னு இருந்துச்சு. கொஞ்சம் சேர்த்தேன். அப்புறம் நிறைய சேர்த்தேன்."

"பொய் சேர்த்தே."

"ஆமா. இருபத்தொன்பது வருஷம் பொய்யைக் கேட்டுத் தட்டியிருக்கேன். எந்தப் பொய் நிக்கும், எது விழும்னு எனக்குத் தெரியாதா?"

செக்கருக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தடுமாறியது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா? எந்த வருஷம், எந்தச் சமையல்காரின்னு கேட்டு முதல் வரியிலேயே நிறுத்தியிருப்பீங்க." அந்த அம்மாளின் கை தானாக எழுந்து மதிலைக் காட்டியது. "அவர் வாயால சொன்னப்ப கடைசி வரைக்கும் கேட்டீங்க. தொண்டையைச் செருமினீங்க. நான் கோட்டையைப் பார்க்கல, உங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் சொன்னதை நீங்க முழுசா கேட்டது அன்னைக்குத்தான்."

வழிகாட்டி மெல்ல எழுந்து, வேட்டைக்காரனைக் கண்ட முயல் மாதிரி மழைநீர்த் தொட்டிப் பக்கம் போய் மறைந்துகொண்டார்.

செக்கர் நோட்டை எடுத்துப் புரட்டினார். நோட்டில் இருந்த பதினேழும் இவளுடையவை. காலைப் பெஞ்சு, படகு உதடு, செருப்பு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வேறு முகம் காட்டின. என்னென்ன நினைத்தோம் என்பதை நினைக்கவே கூசியது.

"அந்தச் சுங்கக்காரன்…" என்று ஆரம்பித்தார். "அது என்னை வெச்சா?"

"உங்களை வெச்சுத்தான். ஆனா உங்களுக்கு வைக்கோல் வண்டிதான் தெரிஞ்சுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாளும் சிரித்தார்.

மத்தியானம் நீண்டது. பையில் இருந்த இரண்டு ஆப்பிளை மூன்று பேரும் பகிர்ந்துகொண்டார்கள். வெயில் சாய்ந்து பாசறைச் சுவரின் நிழலுக்கு நகர்ந்தபோது, டைப்பிஸ்ட் அம்மாள் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கடலோர ஊர் ஒன்றின் கோர்ட்டுக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டாராம். தனக்கும் மகளுக்கும் மட்டும் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாராம். மாடியில் ஒரே அறை, ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். மாற்றல் உத்தரவும் வந்ததாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு நாள் கோர்ட்டுக்குப் போய்வந்தாராம். பன்னிரண்டாம் நாள் கிழித்துப் போட்டாராம்.

செக்கரின் நாக்கு நுனி வரை மூன்று கேள்விகள் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டார். மனைவியின் முகத்தை மட்டும் உற்றுப் பார்த்தார். லட்சம் முகத்தைப் படித்தவர் அவர். கண் எங்கே போகிறது, கை எங்கே போகிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார். இந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நடந்ததைச் சொல்கிறாளா, இந்தக் கோட்டைக்கு எழுதிய கதையைச் சொல்கிறாளா?

"ஏன் கிழிச்சே?" என்று மட்டும் கேட்டார்.

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

ஆறரைக்குக் கற்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. வழிகாட்டி முன்னால் நடந்தார், டைப்பிஸ்ட் அம்மாள் நடுவில், செக்கர் கடைசியில். கரையில் பஸ் நின்றது. பயணிகள் எல்லோரும் கீழே இறங்கி நின்றார்கள். அரை நாள் வீணாகிப்போன கடுப்பு முகத்துக்கு முகம் தெரிந்தது. "என்ன வழிகாட்டி நீங்க? வயசானவங்களை நடுக்கடல்ல விட்டுட்டு வருவீங்களா? கம்பெனிக்கு எழுதப் போறேன்" என்று பல் டாக்டர் எகிறினார்.

"தப்புதான் சார். நான் நேரத்தைச் சரியா சொல்லாம…" என்று வழிகாட்டி தலையைக் குனிந்தார்.

"அவர் சரியாத்தான் சொன்னார்" என்றார் செக்கர். "பன்னிரண்டுன்னார், பன்னிரண்டரைன்னார், ஆறரைன்னார். மூணும் சரி. நான்தான் நம்பல. உங்க எல்லாரோட நேரத்தையும் கெடுத்தது நான். மன்னிச்சுக்கோங்க."

இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வருமென்று அவரே நம்பியிருக்க மாட்டார். சகலைகளில் மூத்தவர், "சரி சரி, பசிக்குது, ஏறுங்க" என்று எல்லோரையும் பஸ்ஸுக்குள் தள்ளினார்.

மிச்சம் இரண்டு நாளும் கோட்டைகளும் கலங்கரை விளக்கமுமாகப் போயின. வழிகாட்டி கதை சொன்னார். செக்கர் பலகைகளைப் படிக்கத்தான் செய்தார், அது விட்டுப்போகிற பழக்கமா? ஆனால் கதை முடிந்த பிறகுதான் படித்தார்.

கடைசி நாள் பஸ்ஸில் கம்பெனி ஆள் ஒருவர் ஏறி எல்லோருக்கும் கருத்துப் படிவம் கொடுத்தார். வழிகாட்டியின் தகுதி, அறிவு, நடத்தை என்று வரிசையாகக் கேள்விகள். செக்கர் பேனாவைத் திறந்தார். முன் வரிசையில் அந்த மட்டைக்காரரின் பின்கழுத்து வேர்த்திருந்தது. முப்பத்து நான்கு வருஷத்தில் டிக்கெட் இல்லாத ஓர் ஆளைக்கூட விட்டதில்லை. வெகுநேரம் யோசித்து, எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்டு, அடியில் ஒரே வரி எழுதினார்: "கடல் ஏறும் நேரத்தைச் சரியாகச் சொன்னார்."

மனைவி கையை நீட்டிப் படிவத்தை வாங்கினார். அவருக்கு மறைத்தாற்போல் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே மளமளவென்று நாலைந்து வரி எழுதினார். மடித்துக் கம்பெனி ஆளின் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன எழுதினே?"

"படிச்சா நம்பியிருப்பீங்களா?"

செக்கர் நிஜமாகவே யோசித்தார். பஸ் ஒரு நீளமான ஆற்றுப் பாலத்தைக் கடந்து முடிக்கும் வரை யோசித்தார்.

"தெரியல" என்றார்.

அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, அவருக்கும் வெளியே தெரிகிற மாதிரி திரையை ஒதுக்கினார்.